நங்கூரம் போடாமல் நிற்கும் கப்பல்

"ஏழாயிரம் பேர் போகிற உல்லாசக் கப்பலில் நீச்சல் குளம், நாடகக் கொட்டகை எல்லாம் உண்டு. இருநூறு பேர்கூட ஏறாத கப்பலுக்குப் பலமடங்கு பணம் கொடுக்கிறார்களே, எதற்கு?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

பெரிய கப்பல் போய் நிற்க முடியாத இடத்தில் நிற்பதற்குத்தான். அண்டார்க்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவந்த கப்பலிலிருந்து ஒருவரும் கரையிறங்கக் கூடாது. சிறிய கப்பலானாலும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான்.

சாப்பாடு, உபசாரம் பற்றியெல்லாம் விளம்பரக்காரர்கள் சொல்லட்டும். என்னை மயக்குவது வேறு. பிரான்சின் போனான் நிறுவனம் 2018இல் கடலில் இறக்கிய 'லே லாபெரூஸ்' 131 மீட்டர் நீளம், 92 அறைகள். தீவோரம் வந்தால் நங்கூரம் போடாமலே நின்றுவிடும். ஜிபிஎஸ் இருப்பிடத்தைச் சொல்ல, காற்றுமானி காற்றைச் சொல்ல, கணினி புரொப்பெல்லர்களை ஓயாமல் முடுக்கித் தணிக்கிறது. முன்பகுதியின் அடியில் குறுக்காகப் போகும் குழாய்க்குள் இருக்கும் புரொப்பெல்லர், மூக்கை இடமும் வலமுமாகத் தள்ளும். ஒகேனக்கல்லில் நாம் அருவியைப் பார்த்து வாய்பிளக்கும்போது, பரிசல்காரர் சின்னச் சின்னத் துடுப்புவீச்சில் பரிசலை நகரவிடாமல் வைத்திருப்பாரே, அதே வேலை.

இது சொகுசுக்காகப் பிறந்த வித்தையல்ல. 1961இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே, சுமார் 3,500 மீட்டர் ஆழத்தில் கடலடியைத் துளைக்கப் போனது 'கஸ் 1' என்ற கப்பல். அந்த ஆழத்தில் நங்கூரத்தை நம்ப முடியாது. சுற்றிலும் மிதவைகளை நிறுத்தி, அவற்றை ரேடாரில் பார்த்துக்கொண்டே நான்கு புரொப்பெல்லர்களைக் கையால் இயக்கிக் கப்பலை நிறுத்தினார்கள்.

இன்று இதனால் பிழைப்பது மத்தியதரைக்கடலின் பொசிடோனியா என்னும் கடற்புல். மீன்குஞ்சுகள் ஒதுங்கும் காடு அது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். காற்று திரும்பத் திரும்பக் கப்பலும் திரும்ப, நங்கூரச் சங்கிலி அதை வேரோடு உழுதுவிடும். ஒரு மத்தியானக் குளியலுக்கு அத்தனை அழிவு! பிரான்ஸ் தன் மத்தியதரைக் கரையோரம் 24 மீட்டருக்கு நீண்ட கலங்கள் அந்தப் புல்மேல் நங்கூரமிடத் தடை போட்டது நியாயம்தான்.

ஆனால் நிற்பதற்கும் எண்ணெய் எரிகிறது. அதை விளம்பரத்தில் யாரும் அச்சடிப்பதில்லை. அடியில் வெறும் மணல் என்றால், பேசாமல் நங்கூரத்தை இறக்கிவிட்டுப் புரொப்பெல்லர்களுக்கு ஓய்வு கொடுப்பவரே நல்ல கப்பல் தலைவர்.