ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணம் திரும்பி வருகின்றதா?

இலங்கையின் ஏற்றுமதிப் பயிர்களான தேயிலை, இறப்பர், தெங்கு என்பவற்றுக்குத் தனித்தனி ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925-ஆம் ஆண்டில் தாபிக்கப்பட்டது. இறப்பர் ஆராய்ச்சி அகலவத்தையிலும், தெங்கு ஆராய்ச்சி லுணுவிலையிலும் நடைபெறுகின்றன. கப்பலேறும் விளைபொருளின் மீது அறவிடப்பட்ட சிறு வரியே இந்நிலையங்களின் செலவுக்கு ஆதாரமாக அமைந்தது. நெல்லுக்கும் மரக்கறிக்கும் உரிய ஆராய்ச்சியோ நாட்டின் பொது வருமானத்திலிருந்து நடைபெறுவது. எதுவாயினும் அப்பணம் மக்களுடையதே. ஆகவே, செலவிட்ட பணம் எவ்வளவு திரும்பி வந்தது என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு. அக்கணக்கை எவ்வாறு பார்ப்பது என்பதை ஏற்றுமதிப் பயிர்களை உதாரணமாகக் கொண்டு இங்கே விளக்குவோம்.

முன்பு ஏக்கருக்கு இவ்வளவு விளைந்தது, இப்போது இவ்வளவு விளைகின்றது, வித்தியாசம் முழுவதும் ஆராய்ச்சியின் பயன் என்று சொல்வது எளிது. ஆனால் அது சரியன்று. இடையில் மழை நன்றாகப் பெய்திருக்கலாம், பசளை மலிந்திருக்கலாம், விலை ஏறியமையால் கமக்காரர் கூடுதலாகக் களை பிடுங்கியிருக்கலாம். ஆராய்ச்சி நடைபெறாதிருந்தால் இன்று விளைவு எவ்வாறிருக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நடந்ததை நிறுக்கலாம், நடவாததை எங்ஙனம் நிறுப்பது? இக்கணக்கிலுள்ள பெரிய இடர்ப்பாடு இதுவே.

தேயிலைத் தோட்டங்களில் நிகழ்ந்த ஒரு காரியம் இதனை நன்கு விளக்கும். இலைகளை ஒன்றோடொன்று பிணைத்து உள்ளிருந்து தின்னும் ஒருவகை இலைசுருட்டிப் புழு, முன்னாளில் தேயிலைக்குப் பெருநாசம் விளைத்து வந்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1935, 1936-ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து மக்குரோசென்திரசு என்னும் சிறு குளவியைக் கொணர்ந்து தோட்டங்களில் விட்டனர். இக்குளவி புழுவின் உடலில் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிகள் புழுவை உண்டு வளரும். சில ஆண்டுகளில் புழு அடங்கிவிட்டது. குளவிக்குச் சம்பளமில்லை, மருந்துச் செலவுமில்லை, ஆண்டுதோறும் அது தானே பெருகித் தன் வேலையைச் செய்து வந்தது. புழுவைக் காணாத தோட்டக்காரர் அது ஒரு காலத்தில் இருந்ததையே மறந்தனர். வராத நட்டத்தை எவர் கணக்குப் புத்தகத்தில் எழுதுவர்?

1960-ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு குளவியையும் கொன்றது. தெளித்த தோட்டங்களில் இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. எவரும் வேண்டுமென்று செய்த பரிசோதனையன்று அது. எனினும், குளவி இல்லாதிருந்தால் தேயிலை எந்நிலையில் இருக்கும் என்பதைக் கண்ணாற் காட்டிவிட்டது. ஆராய்ச்சியின் பயனை இத்துணைத் தெளிவாகக் காட்டும் வேறு நிகழ்ச்சி நம் நாட்டில் அரிது என்றே கூறலாம்.

அடுத்தது காலம். நெல்லின் புதிய இனமொன்று வந்தால் நான்கு மாதத்தில் விளைவைக் காண்கின்றீர்கள். தென்னங்கன்று காய்ப்பதற்கோ ஆறேழு ஆண்டுகள் செல்லும்; அக்கன்றைத் தந்த தாய்மரங்களைத் தெரிந்தெடுத்து, மகரந்தம் சேர்த்துச் சோதித்த ஆண்டுகள் அதற்கு முன்னரே கழிந்தவை. இன்று கையிலுள்ள 100 ரூபாவும், 20 ஆண்டுகளின் பின் வரும் 100 ரூபாவும் ஒன்றல்ல. ஆண்டுக்கு 10 வீத வட்டியென வைத்துக்கொண்டால், 10 ஆண்டுகளின் பின் கிடைக்கும் 100 ரூபாவின் இன்றைய பெறுமதி ஏறக்குறைய 39 ரூபா. 20 ஆண்டுகளின் பின் கிடைப்பதாயின் 15 ரூபா மாத்திரமே. வட்டிக்குக் கடன்பட்டுக் கமஞ்செய்தோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தோல்விகளையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். 1869-இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதனை ஆராய 1880-இல் மார்ஷல் உவாட் என்னும் இளம் அறிஞர் வந்தார். நோய்க்குக் காரணமான பங்கசு எவ்வாறு பரவுகின்றது என்பதைத் திறமையாக விளக்கினார்; ஆயினும் கோப்பியைக் காப்பாற்ற இயலவில்லை. பயிர் அழிந்தது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. வென்ற ஆராய்ச்சியின் வரவை மட்டும் எழுதித் தோற்றவற்றின் செலவை மறைப்பது, நன்றாக விளைந்த வயலை மாத்திரம் காட்டி நெல் வருமானம் சொல்வதைப் போன்றது.

ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்று சிறந்து விளைந்தால் மாத்திரம் போதாது. தண்டு வெட்டிப் பதித்து வளர்க்கும் தேயிலை இனங்கள் விதைத் தேயிலையிலும் கூடிய கொழுந்து தருவனவென்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாயிற்று. ஆயினும் பழைய விதைத் தேயிலை இன்னும் பல தோட்டங்களில் நிற்கின்றது. பழைய செடியைப் பிடுங்கி, நிலத்தைப் பண்படுத்தி, புதியது பலன் தரும்வரை வருமானமின்றிக் காத்திருக்க முதல் வேண்டும். அச்செலவும் ஆராய்ச்சிக் கணக்கின் ஒரு பகுதியே.

இனி, பயன் யாருக்குப் போய்ச் சேருகின்றது என்பதைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் எல்லோருடைய தோட்டத்திலும் வெங்காயம் ஒரே வேளையில் நன்றாக விளைந்தால் சந்தையில் விலை என்னவாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தேயிலையும் அத்தகையதே. விலை குறைந்துவிட்டதென்று எவரும் நாளுக்கு இரு மடங்கு தேநீர் அருந்துவதில்லை. இலங்கை உலகச் சந்தைக்கு மிகுதியான தேயிலை அனுப்பும் நாடுகளுள் ஒன்று. ஏற்றுமதி செய்யும் நாடுகள் யாவும் விளைவைப் பெருக்கினால் விலை இறங்கி, நன்மையின் ஒரு பகுதி பிறநாட்டில் வாங்கி அருந்துவோரைச் சேரும். ஏற்றுமதிப் பயிர் ஆராய்ச்சிக்கும் நெல் ஆராய்ச்சிக்கும் உள்ள முக்கிய வேற்றுமை இதுவாகும். பத்தலகொடையில் உருவாக்கப்பட்ட எச்-4 நெல்லினால் பெருகிய விளைவை உண்டவர்கள் நம் நாட்டவரே. எனினும், விலையைத் தாழ்த்தாமற் செலவைக் குறைக்கும் ஆராய்ச்சி, மேலே கூறிய குளவியைப் போல, விளைவிப்பவர் கையிலேயே கூடிய பங்கை விடும்.

ஏற்றுமதியின் பயன் நெற்பானையையும் எட்டுவதுண்டு. 1952-இல் சீனாவுடன் செய்த உடன்படிக்கையின்படி இலங்கை ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரும், சீனா 270,000 தொன் அரிசியும் தருவதாயிற்று. இறப்பர் மரத்தின் பால் ஒவ்வொரு துளி கூடியபோதும் அது எங்கோ ஓரிடத்தில் அரிசியாகவோ பசளையாகவோ மாறி வந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர் கண்ட விடை யாது? அமெரிக்காவிற் கலப்புச் சோள ஆராய்ச்சியின் பயனைக் கணக்கிட்டு கிரிலிக்கசு என்பார் 1958-இல் வெளியிட்டார். அன்றுமுதல் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான கணக்குகள் வெளிவந்துள்ளன. அவற்றின் நடுப்பெறுமதி ஆண்டுக்கு ஏறக்குறைய 39 வீதம் என்று 2014-இல் மினசோட்டாப் பல்கலைக்கழக அறிஞர் எடுத்துரைத்தனர். இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டதும் ஐயம் எழுதல் நன்று. அவ்வறிஞரும் ஐயுற்றனர். கிடைத்த இலாபம் முழுவதையும் மீண்டும் அதே 39 வீதத்துக்கு முதலிடலாம் என்று அப்பழைய கணக்கு மறைவாகக் கொள்கின்றது. அவ்வாறு முடியுமாயின் 100 ரூபா 50 ஆண்டுகளில் ஏறக்குறைய 140 கோடி ரூபாவாகிவிடும்! நடைமுறைக்கு ஒத்த வட்டியைக் கொண்டு அவர்கள் திருத்திக் கணக்கிட்டபோது, பயன் ஆண்டுக்கு 10 வீதத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றது. இது இகழத்தக்கதன்று. செலவு திரும்பி, மேலும் வருகின்றதென்பதே பொருள். மிகைப்படுத்திய எண்ணைச் சொல்லிப் பணங்கேட்பதிலும் இதைச் சொல்லிக் கேட்பதே ஆராய்ச்சிக்கு மதிப்பாகும்.

இதே முறையை உங்கள் காணியிலும் கையாளலாம். புதிய நெல்லினம் ஒன்றை விதைக்கும்போது, அதே வயலில் அதே மண்ணும் நீரும் உள்ள ஒரு பாத்தியில் வழக்கமான இனத்தையும் விதையுங்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே அளவு பசளை இடுங்கள். அறுத்தபின் இரண்டையும் வெவ்வேறாக நிறுத்து எழுதுங்கள். புதியதற்குக் கூடுதலாகச் சென்ற விதைவிலை, மருந்து, கூலி ஆகியவற்றை, வீட்டார் செய்த வேலையையும் கூலியாக மதித்து, கூடிய விளைவின் விலையிலிருந்து கழியுங்கள். ஒரு போகத்தை மட்டும் நம்பாது, மாரி போகத்திலும் சிறுபோகத்திலும் பார்த்த பின்னரே முழு வயலையும் மாற்றுவது தக்கது. எழுதிய குறிப்பை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.