நிறுத்த இடம் தருகிறோம், மின்லாரியில் வாருங்கள்

டெலிவரி ஓட்டுநருக்கு வண்டியை ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் பெரும்பாடு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டெலிவரி வண்டிகளின் ஜிபிஎஸ் பதிவுகளை அலசிய வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயண நேரத்தில் சராசரியாக 28 சதவீதம் இடம் தேடிச் சுற்றுவதிலேயே போகிறது என்று கண்டார்கள். இடம் கிடைக்காவிட்டால் நடுரோட்டில் விளக்குகளை மினுக்கவிட்டு, எஞ்சினைக்கூட அணைக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பின்னால் வரும் சைக்கிள்காரர் பாடு திண்டாட்டம்.

இந்தத் தவிப்பையே தூண்டிலாக்கியது கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம். 2021 பிப்ரவரியில், ஏறக்குறைய ஒரு சதுர மைல் பகுதிக்குள், சரக்கு இறக்கும் சாலையோர இடங்கள் சிலவற்றைப் புகை கக்காத வண்டிகளுக்கென ஒதுக்கியது. கட்டாயமில்லை, விரும்பியவர்கள் சேரலாம். எந்த வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கேமராக்கள் கணக்கெடுத்தன.

டீசல் லாரியே வராதே என்று சொல்லிவிடலாமே? அது அவ்வளவு எளிதல்ல. வாகனப் புகைக்கு வரம்பு விதிக்கும் அதிகாரம் அமெரிக்காவில் மத்திய அரசிடம் இருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் அதனிடம் தனி விலக்கு கேட்கலாம், நகராட்சிகளுக்கு அந்த வழியும் இல்லை. ஆனால் நடைபாதையை ஒட்டிய அந்தச் சில அடி தார், நகராட்சியின் பிடியில் இருக்கிறது. அங்கே யார் நிற்கலாம், எத்தனை நிமிடம் என்று அது சொல்லலாம்.

நின்று நின்று போகிற வேலை மின்மோட்டாருக்கு இயல்பாகவே பொருந்தும். வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, ஓட்டத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்புகிறது. டீசல் வண்டியில் அது பிரேக்கில் வெறும் சூடாகிப் போகும். இடைஞ்சல், மின்லாரியின் விலை. தினமும் மிச்சமாகும் நிமிடங்கள் அந்தக் கூடுதல் விலையில் கொஞ்சத்தையாவது ஈடுகட்டும் என்பதே நகராட்சியின் கணக்கு.

கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. பலகையை மதிக்காமல் யாரோ காரை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனால் சலுகை அங்கேயே செத்தது. இன்னொன்று, எல்லோரும் மின்லாரிக்கு மாறிவிட்டால் முன்னுரிமைக்குப் பொருளே இராது. ஆகவே இதைத் தொடக்க உந்துதலாக மட்டுமே கொள்ள வேண்டும். முழுத் தீர்வுக்குச் சட்டம் வேண்டும். நெதர்லாந்து அந்த வழியில் போய்விட்டது: ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் உள்ளிட்ட நகரங்களின் புகையில்லா மண்டலங்களுக்குள், 2025 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் சரக்கு வேன்கள் புகை கக்கினால் நுழைய முடியாது.