காசும் கல்லும் சேர்த்த சேகரம்

அந்தப் பெட்டிக்கு மூன்று பூட்டுகள். சாவிகள் ஆளுக்கொன்றாக மூன்று பேரிடம் இருக்கும். மூவரும் கூடி வந்து நின்றால்தான் மூடி திறக்கும். உள்ளே இருந்ததோ பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் ஆறு பென்ஸ், ஒரு ஷில்லிங் என்று கொண்டுவந்து கட்டிய காசு. ஏழையின் பணத்துக்கு இவ்வளவு கட்டுக்காவல் போட்ட ஊரின் பெயர் ரூத்வெல். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'ரிவ்வல்'.

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், டம்ஃப்ரீஸ் நகருக்கும் ஆனன் நகருக்கும் நடுவே, சால்வே கடற்கழியை ஒட்டிக் கிடக்கிறது இந்தச் சிற்றூர். ஒரு தேவாலயத்தையும் அதைச் சுற்றிய குடிகளையும் சேர்த்து நம் ஊர் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள் 'சேகரம்' என்பார்கள். ரூத்வெல்லுக்கு அந்தச் சொல் இரட்டிப்பாகப் பொருந்தும். அதன் கதையே சேகரித்த கதைதான்.

ஆறு பென்ஸ் வங்கி

1799-இல் ஹென்றி டங்கன் என்ற இளைஞர் இங்கே போதகராக வந்தார். அதற்கு முன் லிவர்பூலில் வங்கி குமாஸ்தாவாக இருந்தவர். ஏழைகளுக்குத் தர்மப் பணம் கொடுத்தால் அன்றைய பசி தீரும், ஆனால் கை நீட்டும் பழக்கம் தீராது என்பது அவர் எண்ணம். சொந்தமாகச் சேர்த்து வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அன்றைய வங்கிகள் 10 பவுண்டுக்குக் குறைந்து வைப்புத்தொகை வாங்கமாட்டா. கூலிக்காரன் அவ்வளவு பணத்தை ஒருசேரப் பார்ப்பது எப்போது?

1810 மே 10 அன்று டங்கன் ஊரிலேயே ஒரு சேமிப்பு வங்கியைத் திறந்தார். ஆறு பென்ஸ் இருந்தால் போதும், கணக்கு தொடங்கலாம். சேர்ந்த பணத்தை டம்ஃப்ரீஸில் இருந்த பிரிட்டிஷ் லினன் நிறுவனத்தில் 5 சதவீத வட்டிக்குப் போட்டார். முதல் வருடம் சேர்ந்தது 151 பவுண்டு. 1814-க்குள் அது 922 ஆனது. அந்த மாதிரியைப் பார்த்து ஊர் ஊராகச் சேமிப்பு வங்கிகள் முளைத்தன. ஸ்காட்லாந்துக்கென்று 1819-இல் தனிச் சட்டமே வந்தது. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி தன் வேரைத் தேடினால் இந்தப் பெட்டியில்தான் வந்து நிற்கும்.

உடைந்த சிலுவை

காசு சேர்த்தவரே கல்லும் சேர்த்தார். 8-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய, 18 அடி உயரக் கற்சிலுவை ஒன்று ரூத்வெல்லில் இருந்தது. அது விக்கிரகம், இடித்துத் தள்ளுங்கள் என்று 1642-இல் ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப்பேரவை உத்தரவு போட்டது. சிலுவை விழுந்தது, ஆனால் தூளாகவில்லை. பெரிய பெரிய துண்டங்களாகத் தேவாலயத்துக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் கிடந்தது. உத்தரவுக்கும் பணிந்து, கல்லையும் காப்பாற்றியது அன்றைய போதகர் கேவின் யங்கின் சாமர்த்தியம் என்று சொல்கிறவர்கள் உண்டு.

டங்கன் துண்டுகளைத் தேடிப் பொருத்தி, 1823-இல் குருமனைத் தோட்டத்தில் சிலுவையை நிமிர்த்தினார். அகன்ற முகத்தில் ஒரு பெண் தன் கூந்தலால் இயேசுவின் பாதத்தைத் துடைக்கிறாள். அவள் கை உடலுக்குப் பொருந்தாத பருமன். முதலில் கண்ணில் படுவதே அந்தக் கைதான். குறுகிய பக்கங்களில் திராட்சைக் கொடி ஏறுகிறது, பறவையும் விலங்கும் பழத்தைக் கொத்தித் தின்கின்றன. கொடியின் இரு ஓரங்களிலும் ரூன் எழுத்துகள். 1840-இல் பழைய ஆங்கில அறிஞர் ஜான் மிட்செல் கெம்பிள் அவற்றைப் படித்துக் காட்டினார். சிலுவை மரமே வாய் திறந்து, கிறிஸ்துவைச் சுமந்த வேதனையைச் சொல்லும் பழைய ஆங்கிலக் கவிதையின் வரிகள் அவை. அதே கவிதையின் நீண்ட வடிவம் இத்தாலியில் வெர்செல்லி நகரத்து ஏட்டில் இருக்கிறது.

பாறையில் பதிந்த கால்

அக்கம்பக்கத்துக் கல்குவாரியில் கிடைத்த, விலங்கின் காலடி பதிந்த பாறையையும் டங்கன் விடவில்லை. 1828-இல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். புதைபடிவக் காலடிகளைப் பற்றி அறிவியல் உலகம் கேட்ட முதல் செய்திகளில் ஒன்று அது. ஆக்ஸ்ஃபோர்டு புவியியலாளர் வில்லியம் பக்லண்ட், ஆமையைப் பிசைந்த மாவில் நடக்கவிட்டுத் தடத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். அது ஆமை இல்லை, டைனோசர்களுக்கும் முந்திய விலங்கு என்பது பிற்காலத்து முடிவு.

1843-இல் ஸ்காட்லாந்து திருச்சபை பிளந்தது. போதகரை நியமிக்கும் உரிமை நிலக்கிழாருக்கா, சபைக்கா என்பது வழக்கு. சபையின் பக்கம் நின்று நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறினார்கள். அவர்களில் டங்கனும் ஒருவர். குருமனையைக் காலி செய்தபோது சிலுவையைத் தோட்டத்திலேயே விட்டுப் போக வேண்டியதாயிற்று. மூன்றே வருடத்தில் காலமானார்.

மழையில் நனைந்துகொண்டிருந்த சிலுவையை 1887-இல் தேவாலயத்துக்குள் கொண்டுபோனார்கள். கூரை தட்டாமலிருக்கத் தரையில் குழி பறித்து அதில் நிறுத்தினார்கள். பழைய குறுக்குச் சட்டம் மட்டும் அகப்படவே இல்லை. இப்போது அங்கே இருப்பது டங்கன் ஊகித்துச் செய்துவைத்த கல். அது சரியில்லை என்று ஆய்வாளர்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனாலும் யாரும் அதைக் கழற்றவில்லை.