மேல்தாடைப் பிளவும் மூன்றாவது அறுவையும்

உதடு பிளந்து பிறந்த குழந்தையை எங்கள் ஊரில் 'கிரகண மூளி' என்பார்கள். கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்த குற்றம் என்பார்கள். கல்லூரியில் கருவளர்ச்சிப் பாடம் படித்த பின்னரே எனக்கு உண்மை விளங்கியது. கருவின் 4-ஆம் வாரம் முதல் 12-ஆம் வாரத்திற்குள் முகத்தின் இருபுறத் திசுக்களும் வளர்ந்து இணைந்து உதடு, மேல்தாடை, அண்ணம் ஆகின்றன. இணைப்பு தவறினால் பிளவு. தாயைப் பழிப்பது தகாது.

உதட்டை 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்தை ஏறக்குறைய ஒரு வயதிலும் தைத்து மூடுகிறார்கள். முகம் சீரானதும் எல்லாம் முடிந்ததெனப் பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் ஈறுக்குள் தாடையெலும்பில் இடைவெளி அப்படியே இருக்கும். கோரைப்பல் இறங்க அங்கே எலும்பில்லை.

ஆகவே 8 முதல் 11 வயதுக்குள், அப்பல் முளைக்குமுன், இடுப்பெலும்பின் உள்ளேயுள்ள பஞ்சு போன்ற பகுதியைச் சிறிது எடுத்து அவ்விடைவெளியில் நிரப்புகிறார்கள். பாய்ன், சாண்ட்ஸ் என்னும் அறிஞர்கள் 1972-இல் எடுத்துரைத்த முறை இது. வைத்த எலும்பு சில மாதங்களில் தாடையோடு ஒன்றாகிவிடும். அதனூடே பல் இறங்கி வரும். காலம் கடந்தால் பலன் குறையும்.

நண்பர்களே! உங்கள் தெருவில் உதட்டில் தழும்புள்ள பிள்ளை இருந்தால், எட்டு வயதில் மீண்டும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட நாம் ஊருக்குச் செய்யக்கூடிய சிறு தொண்டு இது.