உங்களுக்குத் தெரியுமா? கைத்தொலைபேசிக்குப் பின்னால் உள்ள கைகள்

யாழ்ப்பாணம், சுன்னாகம், நெல்லியடிக் கடைகளில் கைத்தொலைபேசி திருத்துவோருக்கும், தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் அதைப் பொருத்துவோருக்கும் உடல்நலமும் உரிமையும் முக்கியம்.

● பாகங்களை ஒட்ட உருக்கும் பழைய வகைப் பற்றாசில் 63% வெள்ளீயமும் 37% ஈயமும் உண்டு. 183 பாகை செல்சியஸில் உருகும். அந்த வெப்பத்தில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. விரலில் ஒட்டிச் சோற்றோடு உள்ளே போவதே பெரிய ஆபத்து. சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

● மூக்கில் ஏறும் புகை, பற்றாசோடு சேர்க்கும் பைன் பிசினிலிருந்து வருவது. நாட்பட்டால் ஆஸ்துமாவைத் தரக்கூடும். புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி மேசையருகிலேயே இருக்கவேண்டும்.

● 2021 டிசம்பரில், ஆப்பிளுக்குக் கைத்தொலைபேசி பொருத்தும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 250க்கும் மேற்பட்டோர் விடுதி உணவு நஞ்சானதால் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் மீண்டும் இயங்கியது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

● இலங்கையில் ஊழியர் ஒருவரே இருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டாயம்: சம்பளத்தில் ஊழியர் பங்கு 8%, முதலாளி பங்கு 12%. சிறிய கடையில் வேலை செய்பவரும் இதைத் தயங்காமல் கேட்கலாம். அது அவருடைய உரிமை.