இருபடிச் சமன்பாட்டின் வடிவ மாற்றம்

இருபடிச் சமன்பாட்டை அதன் மூலங்கள் மாறாமல் வேறு வேறு வடிவங்களில் எழுதலாம். பொது வடிவம்: கய² + சய + த = 0. இதில் க, ச, த ஆகியவை எண்கள் (க பூச்சியம் அல்ல). ய என்பது காண வேண்டிய எண். பண்டைய இந்திய இயற்கணித நூல்களும் காண வேண்டிய எண்ணை ‘யாவத்தாவத்’ என்பதன் சுருக்கமான ‘யா’ என்றே குறித்தன.

2ய² − 12ய + 10 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம். இதன் காரணி வடிவம் 2(ய − 1)(ய − 5) = 0. மூலங்கள் 1, 5 என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

வர்க்க வடிவம் பெற, முதல் இரண்டு உறுப்புகளிலிருந்து 2-ஐ வெளியே எடுக்க வேண்டும்: 2(ய² − 6ய) + 10. ஆறில் பாதி 3. அதன் வர்க்கம் 9. அடைப்புக்குள் 9-ஐக் கூட்டினால் உண்மையில் கூடுவது 2 × 9 = 18. எனவே வெளியே 18-ஐக் கழிக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான். 9-ஐ மட்டும் கழித்துவிடுவார்கள். சரியான விடை 2(ய − 3)² − 8 = 0. பரவளையத்தின் முனை (3, −8) என்பதை இவ்வடிவம் காட்டுகிறது. அடைப்பை விரித்தால் பழைய பொது வடிவமே திரும்பக் கிடைக்கும். விடையைச் சரிபார்க்க இதுவே எளிய வழி.

இன்னொரு குழப்பமும் உண்டு. சமன்பாட்டை 2-ஆல் வகுத்து ய² − 6ய + 5 = 0 என எழுதலாம்; மூலங்கள் மாறா. ஆனால் வரைபடம் வரையும்போது அப்படி வகுக்கக் கூடாது. வகுத்தால் முனை (3, −4) ஆகிவிடும்.

கெழுக்கள் வசதியாக அமையாதபோது வர்க்கப் பூர்த்தியில் பின்னங்கள் பெருகும். இதைத் தவிர்க்கும் வழியைச் சொன்னவர் ஸ்ரீதரர். அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை. விதியை 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தம் ‘பீஜகணித’த்தில் எடுத்துக்காட்டியதால் அது பிழைத்தது. சமன்பாடு முழுவதையும் 4க-ஆல் பெருக்குவதே அவ்விதி.

3ய² + 5ய − 2 = 0 என்பதை 12-ஆல் பெருக்கினால் 36ய² + 60ய = 24. இருபுறமும் 5-இன் வர்க்கமான 25-ஐக் கூட்ட, (6ய + 5)² = 49. ஆகவே 6ய + 5 என்பது 7 அல்லது −7; ய = 1/3 அல்லது −2. கடைசி வகுத்தல் வரை பின்னமே வரவில்லை. எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்துச் செய்தால் (2கய + ச)² = ச² − 4கத என்று வரும். வலப்புறம் இருப்பதே பத்தாம் வகுப்பில் படிக்கும் தன்மைகாட்டி.