நாக் சென்சார்: மாற்றுவதற்கு முன்னால் தட்டிப் பாருங்கள்

கொல்லிமலையில் சரக்கு ஏற்றும் பிக்கப்களில் பெரும்பாலானவை டீசல். டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். உங்கள் எஞ்சினில் நாக் சென்சார் அநேகமாக இருக்காது. அழுத்தத்தில் தானாகப் பற்றி எரிவதுதான் டீசல் எஞ்சினின் வேலையே. பெட்ரோலில் ஓடும் சின்ன பிக்கப்களின் கதை வேறு. அவற்றில் எஞ்சின் விளக்கு எரிந்து, கோடு பி0325, பி0326, பி0327, பி0328 இவற்றில் ஒன்றாக வந்தால் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நாக் சென்சார் போச்சு, மாத்தணும்."

எடப்புளி நாட்டில் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அவருடையது நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. மரவள்ளிக் கிழங்கு, வாழைத்தார், பலா, மிளகு மூட்டை, ராத்திரி அவசரத்துக்கு ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். புது சென்சார் போட்டு இரண்டு வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. "தம்பி, நெட்ல எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கியே, இதையும் கொஞ்சம் பாரு" என்றார். அதற்காகப் படித்ததும் அவர் வாசலில் வைத்து இருவரும் செய்து பார்த்ததும்தான் கீழே இருப்பது.

முதலில் நாக்கிங் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து நசுக்கும். அது உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்பார்க் பிளக் பொறி விடும். அந்தப் பொறியிலிருந்து தீ பரவும், காய்ந்த போதைப்புல்லில் ஒரு ஓரத்தில் வைத்த தீ மறு ஓரத்துக்கு நகருகிற மாதிரி. தீ இன்னும் வந்து சேராத மூலையில் இருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தவித்துக்கொண்டிருக்கும். தீ வருவதற்குள் அது பொறுக்க முடியாமல் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். வெளியே நமக்குக் கேட்பது தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கும் சத்தம். உள்ளே அழுத்த அலைகள் சிலிண்டர் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் என்றால் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பாரம் ஏற்றி மேடு ஏறும்போது நிற்காமல் நடந்தால் பிஸ்டன் விளிம்பு அரிக்கும், ரிங் பிடித்திருக்கும் இடம் உடையும், ஹெட் கேஸ்கட் போகும்.

மோதும் அலைக்கு ஒரு சுருதி உண்டு. சிலிண்டர் அகலமானால் சுருதி இறங்கும், குறுகினால் ஏறும். பெரிய குடத்தையும் சின்னக் குடத்தையும் தட்டிப் பார்ப்பது போல. 1930-களில் இந்தக் கணக்கைப் போட்டவர் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். பிற்காலத்தில் அப்பல்லோ விண்கலங்களுக்கு வழிகாட்டும் கருவியை வடிவமைத்த ஆய்வகம் இவருடையதுதான். அவர் கணக்குப்படி, 73 மி.மீ. அகலமுள்ள சிலிண்டரில் நாக்கிங் சத்தம் நொடிக்குச் சுமார் 7,500 அதிர்வு. 96 மி.மீ. அகலமுள்ள பெரிய எஞ்சினில் 6,000-க்குக் கொஞ்சம் கீழே.

இந்தச் சுருதியைக் கேட்பதற்கென்று எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டு வைத்திருக்கும் காதுதான் நாக் சென்சார். உள்ளே இருப்பது ஒரு பீங்கான் வளையம், அதன்மேல் ஒரு சின்ன எடை, அவ்வளவுதான். நசுக்கினால் மின்சாரம் தரும் பீங்கான் அது. அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் டிக் டிக் என்று பொறி வருவதும் இதே தத்துவத்தால்தான். 1880-ல் கியூரி சகோதரர்கள் படிகங்களில் கண்டுபிடித்தது. காரில் இதை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ப்யூக். 1978-ல் டர்போ வைத்த வி6 எஞ்சினுக்காகக் கொண்டுவந்தார்கள்.

எஞ்சின் கணினி இந்தக் காதை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்காது. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் உச்சியைத் தாண்டியவுடன் ஒரு சின்ன ஜன்னல் நேரம் மட்டும் கேட்கும். நாக்கிங் கேட்டால் பொறி விடும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடும். பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். சென்சாரிலிருந்து நம்பும்படியான சிக்னல் வராவிட்டால் ஆபத்தில்லாத பக்கமாகப் பொறியை நிரந்தரமாகத் தள்ளிவைத்துவிடும். இழுவை குறைவதும் பெட்ரோல் அதிகம் குடிப்பதும் அதனால்தான். வண்டி கெட்டுப்போகவில்லை, பயந்துபோய் ஓடுகிறது.

மலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வரும்போது காற்றழுத்தம் குறைந்துகொண்டே வரும். 1,200 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 87 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும். அழுத்தம் குறைந்தால் நாக்கிங்கும் குறையும். அமெரிக்காவில் ராக்கி மலைப் பகுதி பங்குகளில் ஆக்டேன் குறைந்த 85 பெட்ரோல் விற்பது இந்தத் தைரியத்தில்தான். அப்படியானால் எஞ்சினுக்கு மோசமான இடம் மலை உச்சி அல்ல, அடிவாரத்து முதல் வளைவுகள். காற்று அங்கே அடர்த்தி, வெயில் அங்கே அதிகம், வண்டி முழு பாரத்தில் குறைந்த வேகத்தில் திணறும். மலைமேல் ஊருக்குள் ஓட்டிப் பார்த்து "இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்வதை அதனால்தான் நான் நம்புவதில்லை.

சென்சாரைக் கழற்றிவிட்டு அதே அளவு ரெசிஸ்டர் ஒன்றை வயரில் வைத்தால் விளக்கு எரியாது என்று சிலர் சொல்வார்கள். சில வண்டிகளில் விளக்கு எரியாமல் இருக்கவும் கூடும். ஆனால் அது காதில் பஞ்சை வைத்துவிட்டுச் சத்தமே இல்லை என்று கணினியிடம் சொல்வது. கணினி நம்பிவிட்டால் பொறியை முன்னாலேயே விடும். மட்டமான பெட்ரோல் ஒருமுறை வந்தால் போதும், பிஸ்டன் செலவு சென்சார் விலையைப் போலப் பல மடங்கு. இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். புது சென்சார் வாங்குவதற்கு முன் பழையதைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி அணைந்திருக்க வேண்டும். சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். சென்சார் பக்கம் இரண்டு பின்களுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். சில சென்சாரில் மெகா ஓம் கணக்கில் காட்டும், மீட்டரே எட்டாமல் போகலாம். உள்ளுக்குள் ரெசிஸ்டர் வைத்த வகையில் நூறு சொச்சம் முதல் ஐந்நூறு சொச்சம் கிலோ ஓம் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு எது சரி என்பதற்கு சர்வீஸ் மேனுவல்தான் ஆதாரம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எந்த வகையானாலும் சென்சார் போச்சு.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை. மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, அதே இரண்டு பின்னில் பிடித்துக்கொண்டு, சென்சாருக்குப் பக்கத்தில் பிளாக்கின் மீது ஸ்பேனரால் டொக் டொக் என்று லேசாகத் தட்டச் சொல்லுங்கள். சென்சார் மேலேயே தட்டக் கூடாது, பீங்கான் விரிசல் விடும். ஒவ்வொரு தட்டுக்கும் எண் துள்ளினால் காது கேட்கிறது என்று அர்த்தம். அண்ணன் வண்டியில் துள்ளத்தான் செய்தது, ஆனால் ரொம்ப மந்தமாக. "உசுரு இருக்குதுல்ல?" என்றார். உயிர் இருந்தது. ஆனால் கழற்றி எடுத்த அதே சென்சாரைக் கல்மேல் வைத்துப் பக்கத்தில் தட்டியபோது எண் நன்றாகவே துள்ளியது. கோளாறு சென்சாரில் இல்லை, அது உட்கார்ந்திருந்த இடத்தில்.

கீழே பார்த்தால் பிளாக்கில் துரு ஏறியிருந்தது. அதன்மேல் யாரோ ஒரு வாஷர் வேறு வைத்து இறுக்கியிருந்தார்கள். பிளாக்கின் அதிர்வு சென்சாருக்கு உலோகத்தோடு உலோகமாகப் போக வேண்டும். நடுவில் துரு, பெயின்ட், கிரீஸ், வாஷர் எது வந்தாலும் சத்தம் மட்டுப்படும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது இவ்வளவு இரைச்சலாவது வர வேண்டும் என்று கணினியிடம் ஒரு கணக்கு உண்டு. அதற்குக் கீழே போனால் கோடு போடும். மலை ஏறும்போது மட்டும் விளக்கு எரிந்து, சமதளத்தில் பேசாமல் இருந்ததற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

இந்த விஷயத்துக்கு யூடியூப்பில் தேடினால் வருபவை பெரும்பாலும் அமெரிக்க வி8 பிக்கப்கள். 2000-களின் ஷெவர்லே சில்வராடோவில் இரண்டு சென்சார்கள் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், பள்ளத்துக்குள் இருக்கும். மேலே உள்ள ரப்பர் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி, பின்பக்கச் சென்சார் துருப்பிடிப்பது அங்கே பிரசித்தம். மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும், புது கேஸ்கட் வேண்டும், அரை நாள் வேலை. அதைப் பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். நம் ஊர் நாலு சிலிண்டர் வண்டிகளில் வழக்கமாக ஒரே ஒரு சென்சார்தான், பிளாக்கின் பக்கவாட்டில், நடு சிலிண்டர்களுக்கு அருகே. கை நுழைவதுதான் கஷ்டம். சின்ன பிக்கப்பில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருந்தால் சீட்டைத் தூக்கிவிட்டு மேலிருந்து எட்டலாம். கீழே படுத்துதான் செய்ய வேண்டும் என்றால் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுப் படுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி, அதுவும் சரிவான மலை வாசலில், யாரும் படுக்கக் கூடாது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சென்சாரின் கனெக்டர் எந்தத் திசையில் நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வயர் இழுபடாமல் இருக்க அது உதவும். நடு போல்ட்டைக் கழற்றினால் சென்சார் கையோடு வந்துவிடும். உட்காரும் முகத்தைத் துணியாலும் மெல்லிய எமரியாலும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை துடையுங்கள்; குழி விழச் சுரண்டாதீர்கள். போல்ட் துளையில் தூசு இருக்கக் கூடாது. புது சென்சாரைக் கையிலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டால் அதை வண்டியில் போடாதீர்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே பீங்கான் உடைந்திருக்கலாம்.

இனி முக்கியமான இடம், போல்ட்டை இறுக்குவது. சாதாரண வண்டியில் மேனுவல் சொல்வது பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுதான் சரி. லூசாக இருந்தால் சென்சார் மந்தமாகக் கேட்கும், அதுவே தனியாக ஆடிச் சத்தமும் போடும். அதிகமானால் பீங்கானுக்கோ பிளாக்கின் மரைக்கோ கேடு. "கை பதத்துக்கு" என்பது இங்கே எடுபடாது. இந்தப் போல்ட்டின் இறுக்கமும் அளவைக் கருவியின் ஒரு பாகம்தான்.

டார்க் ரெஞ்ச் யாரிடமாவது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை, மிளகு எடை போடும் கொக்கித் தராசு இருந்தது. போல்ட்டின் நடுவிலிருந்து ஸ்பேனரில் சரியாக 25 செ.மீ. அளந்து கோடு போட்டோம். அந்த இடத்தில் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக, நிதானமாக இழுக்க வேண்டும். தராசு 8 கிலோ காட்டினால் கிட்டத்தட்ட 20 நியூட்டன் மீட்டர். சாய்த்து இழுத்தால் கணக்கு கெட்டுவிடும். அண்ணன் தராசைப் பிடிக்க, நான் எண்ணைப் படித்தேன். "எட்டு... போதும்ணே" என்றதும் நிறுத்தினார். இந்த முறையில் அவர் பழைய சென்சாரையே திரும்பப் போட்டோம், வாஷர் இல்லாமல்.

பிறகு பேட்டரியை மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். ஐந்நூறு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் புளூடூத் ஓ.பி.டி. அடாப்டரும் ஒரு மொபைல் செயலியும் இதற்குப் போதும். வாசலில் ஸ்டார்ட் செய்து விளக்கு எரியவில்லை என்பது எதையும் சொல்லாது. எஞ்சின் சூடாகி, பாரத்தோடு, நல்ல வேகத்தில் சுற்றும்போதுதான் கணினி இந்தச் சோதனையைச் செய்யும். காரவள்ளிக்கு இறங்கி, சரக்கோடு ஏறிப் பாருங்கள்.

அப்போதும் கோடு வந்தால் வயரைப் பாருங்கள். கிழங்கு ஏற்றும் வண்டியில் எலி குடியேறுவது இங்கே சகஜம். சென்சாரின் சிக்னல் மிகச் சின்னது என்பதால் அந்த வயருக்கு மட்டும் வெளியே கவச உறை ஒன்று இருக்கும். வெறும் வயரை முறுக்கி டேப் சுற்றி ஒட்டுப் போட்டால் பொறி வயரின் இரைச்சல் உள்ளே நுழைந்துவிடும். ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமென்றால் சால்டர் செய்து, உறையையும் சேர்த்து இணையுங்கள். வயரும் நன்றாக இருந்து, கோடும் இல்லாமல், இழுவை மட்டும் குறைவாக இருந்தால் சைலன்சர் பக்கத்துச் சூடு தடுக்கும் தகடு, எஞ்சின் மவுன்ட், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் இவற்றை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். ஒரு லூசான தகடு போடும் சத்தத்தையும் இந்தக் காது நாக்கிங் என்றே நினைத்துக்கொள்ளும்.